மருத்துவமனை பில்லைப் படிக்க ஒரு பிஎச்.டி.

அறுபத்தைந்து வயதைத் தாண்டிய ஓர் அமெரிக்கருக்கு மாரடைப்பு வருகிறது. ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள், ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேருக்கு ஆஸ்பத்திரி பில் அனுப்புகிறது. பணம் கைமாறிய பிறகும் அந்த பில் காணாமல் போவதில்லை. பெயரை எடுத்துவிட்டு ஒரு எண்ணைச் சூட்டி, கோடிக்கணக்கான மற்ற பில்களோடு ஒரு வரியாகச் சேர்த்து வைக்கிறார்கள். அந்த வரியில் சேர்ந்த தேதி இருக்கும், வெளியேறிய தேதி இருக்கும். ஆஸ்பத்திரியின் எண், நோய்களின் குறியீடுகள், செய்த சிகிச்சைகளின் குறியீடுகள், கொடுத்த தொகை, நோயாளியின் வயது, பாலினம், இனம், வசிக்கும் பகுதி எல்லாம் இருக்கும். வந்து சேர்ந்தபோது ரத்த அழுத்தம் எவ்வளவு என்று இருக்காது. வலி வந்து எத்தனை மணி நேரம் கழித்து வந்தார் என்று இருக்காது. வீட்டில் நேரத்துக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க ஆள் உண்டா, டாக்டர் ஏன் இந்தச் சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தார் என்பதும் இருக்காது.

இப்படிப்பட்ட வரிகளை வைத்துக்கொண்டு இந்த ஆஸ்பத்திரி நல்ல ஆஸ்பத்திரியா, அதிகம் செலவழிக்கும் ஊரில் ஜனங்கள் அதிக நாள் வாழ்கிறார்களா என்றெல்லாம் பதில் சொல்ல ஒருவரைத் தயார்செய்வதுதான் சுகாதாரச் சேவை ஆய்வில் முதுகலை, முனைவர் படிப்புகளின் நடு வேலை. அமெரிக்காவில் ஹெல்த் சர்வீசஸ் ரிசர்ச் என்று அழைக்கப்படும் இந்தத் துறையை நம்மூரில் பலர் மருத்துவமனை நிர்வாகப் படிப்போடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அது வேறு. நிர்வாகப் படிப்பு ஆஸ்பத்திரியை நடத்தக் கற்றுக்கொடுக்கிறது. தொற்றுநோயியல், நோய் யாருக்கு ஏன் வருகிறது என்று பார்க்கிறது. மருத்துவ ஆய்வு, இந்த மருந்து வேலை செய்கிறதா என்று கேட்கிறது. வேலை செய்யும் அந்த மருந்து தேவையானவர் கைக்குப் போய்ச் சேர்கிறதா, என்ன விலையில், எந்தத் தரத்தில், சேராவிட்டால் எங்கே தடைபடுகிறது என்று கேட்பது சுகாதாரச் சேவை ஆய்வு.

இந்தப் படிப்பு ஏன் இன்றைய வடிவத்தில் இருக்கிறது என்று புரிந்துகொள்ளப் பாடத்திட்டத்தைவிட அந்த பில்லைப் பார்ப்பதுதான் நல்ல வழி என்பது என் எண்ணம். பில் எங்கே குவிந்ததோ அங்கேதான் இந்தத் துறை வேரூன்றியது. பில்லில் இருப்பதைத் துறை நன்றாகப் பார்த்தது. பில்லில் இல்லாததைப் பார்க்கத் திணறியது, இன்னும் திணறுகிறது.

டான்சில் கணக்கு

1967-ல் ஜான் வென்பர்க் என்ற இளம் மருத்துவர், அரசு நிதியில் நடந்த ஒரு திட்டத்துக்காக வெர்மான்ட் மாநிலத்துக்கு வந்தார். சின்ன மாநிலம், மலையும் பால்பண்ணையுமாக இருக்கும். பெரிய மருத்துவமனைக்குத் தூரமாக இருக்கும் கிராமத்து ஜனங்களுக்குச் சிகிச்சை போதவில்லை என்பது எல்லோருடைய ஊகம். எங்கே போதவில்லை என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. புள்ளியியலாளர் ஆலன் கிட்டெல்சோனோடு சேர்ந்து மாநிலத்தை 13 ஆஸ்பத்திரி வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் யார் யாருக்கு என்ன அறுவைச் சிகிச்சை நடந்தது என்று எண்ணினார்.

ஊகித்தது கிடைக்கவில்லை. பத்தாயிரம் பேருக்கு 13 டான்சில் அறுவை நடந்த வட்டாரமும் இருந்தது, 151 நடந்த வட்டாரமும் இருந்தது. மாநிலம் ஒன்று, ஜனங்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி. ஒரு பக்கத்துக் குழந்தைகளின் தொண்டைக்கு மட்டும் பத்து மடங்கு அதிகமாக நோய் வர வாய்ப்பில்லை. வேறுபட்டது டாக்டர்களின் பழக்கம். இந்தக் கட்டுரை 1973-ல் வெளியானது, அதுவும் ஒரு மருத்துவ இதழில் அல்ல, 'சயின்ஸ்' இதழில். மருத்துவ இதழ்களுக்கு அப்போது இந்தச் செய்தி ருசிக்கவில்லை. அதிகமாக அறுவை நடந்த வட்டாரத்து டாக்டர்களிடம் அவர்களுடைய எண்ணிக்கையையே காட்டியபோது, அவர்களே யோசித்து வெகுவாகக் குறைத்துக்கொண்டார்கள் என்பது பின்னர் வந்த தகவல்.

இந்த மாதிரி கணக்கு புதிது என்று சொல்ல முடியாது. ஆலிசன் குளோவர் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1938-லேயே பள்ளிப் பிள்ளைகளின் டான்சில் அறுவையில் இதே விசித்திரத்தைக் கண்டு சொல்லியிருந்தார். அதற்கும் முன்னால் பாஸ்டனில் எர்னஸ்ட் காட்மன் என்ற அறுவை நிபுணர், ஒவ்வொரு நோயாளியும் ஒரு வருடம் கழித்து எப்படி இருக்கிறார் என்று அட்டையில் எழுதி வைத்து, அதைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, சக மருத்துவர்களின் பகையைச் சம்பாதித்துக்கொண்டார். இவர்களுக்கெல்லாம் இல்லாத ஒன்று 1970-களுக்குப் பிறகு வந்தவர்களுக்குக் கிடைத்தது. 1965-ல் மெடிகேர் சட்டம் வந்த பிறகு, நாட்டின் முதியவர் ஒவ்வொருவரின் ஆஸ்பத்திரிப் படியேற்றமும் ஒரே இடத்தில் பதிவாகத் தொடங்கியது. சட்டத்தை எழுதியவர்கள் ஆய்வுக்காக அதைச் செய்யவில்லை. யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்று தெரிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான். 1968-ல் இந்த ஆய்வுகளுக்கென்றே ஒரு மத்திய அமைப்பு உண்டானது. பல்கலைக்கழகங்களில் பொதுச் சுகாதாரப் பள்ளிகளுக்குள்ளே தனித் துறைகள் கிளம்பின. ஜான்ஸ் ஹாப்கின்ஸ், மிச்சிகன், வட கரோலினா, மின்னசோட்டா, வாஷிங்டன் என்று இன்று பெயர் வாங்கிய இடங்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். வென்பர்க் பிறகு டார்ட்மவுத்தில் இருந்துகொண்டு நாடு முழுவதற்குமே இந்த வட்டாரக் கணக்கை அட்லஸாக வெளியிட்டார்.

மிச்சிகனில் இருந்த அவெடிஸ் டோனபீடியன் 1966-ல் ஒரு சட்டகம் கொடுத்தார். தரத்தை மூன்று இடங்களில் அளக்கலாம். ஆஸ்பத்திரியில் என்ன வசதி இருக்கிறது, நோயாளிக்கு என்ன செய்தார்கள், கடைசியில் அவர் எப்படி ஆனார். பெய்ரூட்டில் பிறந்த ஆர்மீனியர் அவர். இந்தத் துறையின் எந்த மாணவரும் முதல் மாதத்தில் இந்த மூன்றைக் கடக்காமல் போக முடியாது. எளிமையாகத் தெரியும் இந்தப் பிரிவினை இன்னும் தாக்குப்பிடிக்கக் காரணம், மூன்றாவதை அளப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவர் முதலிலேயே ஒப்புக்கொண்டதுதான்.

குறியீடு காசானபோது

1983-ல் மெடிகேர் பணம் கொடுக்கும் முறையை மாற்றியது. எத்தனை நாள் தங்கினார், என்னென்ன செலவு ஆனது என்று பார்க்காமல், நோய்க் குழுவுக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாகக் கொடுக்கத் தொடங்கியது. அன்றிலிருந்து நோய்க் குறியீடு ஒரு குறிப்பாக மட்டும் இல்லாமல் காசாகவும் ஆனது. சாதாரண நிமோனியா என்று எழுதினால் ஒரு தொகை, சிக்கல்களோடு கூடிய நிமோனியா என்று எழுதினால் இன்னொன்று. குறியீடு போடுவதே தனித் தொழிலாக வளர்ந்தது.

இந்த இடத்தில் கதை சென்னை வழியாகப் போகிறது. அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் கேஸ் ஷீட்டைப் படித்து ஐ.சி.டி. என்ற சர்வதேச நோய் வகைப்பாட்டின்படி குறியீடு போடும் மெடிக்கல் கோடிங் வேலையில் சென்னையிலும் திருச்சி, கோவை போன்ற ஊர்களிலும் நிறைய இளைஞர்கள் இருக்கிறார்கள். நர்சிங், பார்மசி, பயோடெக் படித்துவிட்டு வந்தவர்கள் அதிகம். நைட் ஷிஃப்டில் அவர்கள் போடும் குறியீடும் அமெரிக்க மாணவர்களின் ஆய்வுக் கோப்பில் ஒரு வரியாகப் போய்ச் சேரக்கூடும். மெடிகேரின் பணத்தில் தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் திட்டங்களுக்காக, நோயாளியின் நோய்ச் சுமையைக் காட்டும் குறியீடுகளைத் தொகுக்கும் எச்.சி.சி. புராஜெக்டில் வேலை செய்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். நோயாளி எவ்வளவு நோய்வாய்ப்பட்டவராகத் தாளில் தெரிகிறாரோ, அந்த அளவுக்குக் காப்பீட்டு நிறுவனத்துக்கு மெடிகேர் கொடுக்கும் தொகை கூடும். அதனால் எந்த நோயும் விட்டுப்போகாமல் எழுத வேண்டும் என்ற அழுத்தம் எப்போதும் இருக்கும். இதனால் ஆய்வாளருக்கு வரும் தலைவலியைச் சொல்ல ஓர் உதாரணம் போதும்.

ஒபாமா காலத்துச் சட்டம் 2010-ல் ஒரு விதி கொண்டுவந்தது. மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, நிமோனியா ஆகியவற்றுக்காகச் சேர்ந்து வீடு போனவர்கள் முப்பது நாளுக்குள் திரும்ப வந்து சேர்வது மற்ற இடங்களைவிட அதிகமாக இருந்தால் அந்த ஆஸ்பத்திரிக்கு அபராதம். 2012 அக்டோபரில் அபராதம் அமலுக்கு வந்தது. எண்ணிக்கை குறைந்தது. திட்டம் வெற்றி என்று எல்லோரும் கைதட்டினார்கள். இந்த எண்ணிக்கை நேரடி எண்ணிக்கை இல்லை என்பதுதான் விஷயம். மோசமான நோயாளிகளை எடுத்துக்கொள்ளும் ஆஸ்பத்திரியைத் தண்டிப்பது அநியாயம் என்பதால், ஒவ்வொரு நோயாளியும் எவ்வளவு சிக்கலானவர் என்பதைக் கணக்கில் சேர்த்துச் சரிசெய்த விகிதம் அது. சிக்கல் எவ்வளவு என்பதை எதை வைத்துத் தெரிந்துகொள்வது? பில்லில் உள்ள மற்ற நோய்க் குறியீடுகளை வைத்துத்தான்.

அதே காலகட்டத்தில் வேறெங்கோ ஒரு சின்ன மாற்றம் நடந்தது. மின்னணு பில் படிவத்தில் அதுவரை ஒன்பது, பத்து நோய்க் குறியீடுகளுக்குத்தான் இடம் இருந்தது. புதிய படிவத்தில் இருபத்தைந்துக்கு இடம். கட்டம் இருந்தால் நிரப்புவார்கள். ஒரே இரவில் அமெரிக்காவின் முதிய நோயாளிகள் எல்லோரும் தாளில் கூடுதல் நோயாளிகளாகிவிட்டார்கள். கூடுதல் நோய் இருக்கிறவர் திரும்ப வருவார் என்று சூத்திரம் எதிர்பார்க்கும். ஆனால் ஆள் பழைய ஆள்தான், வழக்கம்போலத்தான் வருவார். எனவே சரிசெய்த விகிதம் தானாக இறங்கியது. 2019-ல் வெளியான ஓர் ஆய்வு இந்தப் படிவ மாற்றத்தைக் கழித்துப் பார்த்தது. அபராதத் திட்டத்தின் வெற்றி என்று சொல்லப்பட்டதில் ஏறக்குறைய பாதி கரைந்துபோனது.

இந்தத் துறையில் பயிற்சி என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்த உதாரணத்தைத்தான் காட்டுவேன். சூத்திரம் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருந்தார்கள். படிவத்தில் எத்தனை கட்டம் இருக்கிறது என்று பார்க்கத் தோன்றியவர்கள் குறைவு.

ஐந்து வருடத்தில் என்ன நடக்கிறது

அமெரிக்காவில் இந்தப் பிஎச்.டி. பெரும்பாலும் நான்கிலிருந்து ஐந்து வருடம். முதல் இரண்டு வருடம் வகுப்பு. புள்ளியியல், தொற்றுநோயியல், சுகாதாரப் பொருளாதாரம், காப்பீட்டின் வரலாறும் சட்டமும், நிறுவனங்கள் எப்படி இயங்குகின்றன என்ற சமூகவியல் என்று பல வீட்டுச் சாப்பாடு. அப்புறம் குவாலிஃபையிங் தேர்வு. அதைத் தாண்டினால் ஆய்வு. பழைய மாதிரி ஒரே தடிமனான ஆய்வேடு எழுதுவது அருகிவிட்டது; ஒன்றோடொன்று தொடர்புள்ள மூன்று கட்டுரைகள், ஒவ்வொன்றும் இதழுக்கு அனுப்பத் தக்கதாக, என்பதே நடைமுறை. சாஸ், ஸ்டேட்டா, ஆர் என்ற மென்பொருள்களில் குறைந்தது ஒன்றாவது கைவசமாக வேண்டும்.

எந்தத் துறைப் பின்னணியில் இருந்து வந்தாலும் எல்லோரும் முட்டி மோதும் இடம் ஒன்று உண்டு. ஒப்பிடுவதுதான் அது. மாரடைப்பு வந்த முதியவர்களில், இதயக் குழாய்க்குள் வடிகுழாய் விட்டுப் பார்க்கும் தீவிரச் சிகிச்சை பெற்றவர்கள் பெறாதவர்களைவிட அதிகம் பிழைத்தார்கள். அப்படியானால் அந்தச் சிகிச்சையால்தான் பிழைத்தார்களா? அவசரப்பட்டு ஆமாம் என்று சொல்லிவிடக் கூடாது. டாக்டர்கள் தெம்பாக இருக்கிறவரைத்தான் அந்தச் சிகிச்சைக்கு அனுப்புவார்கள். ஏற்கெனவே துவண்டு கிடக்கிறவரைத் தொட பயப்படுவார்கள். பில்லில் தெம்பு என்று ஒரு கட்டம் கிடையாது.

1994-ல் மார்க் மெக்லெல்லன், பார்பரா மெக்நீல், ஜோசப் நியூஹவுஸ் மூவரும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அந்த வசதி உள்ள ஆஸ்பத்திரி நோயாளியின் வீட்டுக்கு எவ்வளவு பக்கம் என்று பார்த்தார்கள். மாரடைப்பு வந்தால் ஜனங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுவார்கள். பக்கத்தில் அந்த வசதி இருந்தவர்களுக்குத் தீவிரச் சிகிச்சை அதிகம் கிடைத்தது, தூரத்தில் இருந்தவர்களுக்குக் குறைவாகக் கிடைத்தது. ஆனால் வீடு எங்கே இருக்கிறது என்பதற்கும் இதயம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதற்கும் சம்பந்தமில்லை. இந்த இரு கூட்டத்தையும் ஒப்பிட்டபோது, முதலில் தெரிந்த பெரிய லாபத்தில் மிகச் சிறிய பங்குதான் மிஞ்சியது. இந்த உத்தி அப்புறம் நூற்றுக்கணக்கான ஆய்வேடுகளுக்கு முன்மாதிரியானது. அதிலும் ஓட்டை உண்டு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் நகரவாசி. அவருக்குக் கிடைக்கும் மற்ற வசதிகளும் வேறு. ஒரு செமினாரில் இந்தக் கட்டுரையை வாசிக்கும்போது, அந்த ஓட்டையைச் சொல்வதோடு நிறுத்தாமல் அது முடிவை எந்தப் பக்கம் சாய்க்கும் என்றும் சொல்கிற மாணவரைத்தான் ஆசிரியர்கள் கவனிக்கிறார்கள்.

இந்தச் சங்கடமே இல்லாமல் சோதனை நடத்திய அபூர்வச் சந்தர்ப்பங்களும் உண்டு. ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 1974 முதல் ஆறு இடங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பல விதமான காப்பீட்டுத் திட்டங்களில் போட்டது. சிலருக்கு முழு இலவசம், சிலர் செலவில் 95 சதவீதம் வரை, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, கையிலிருந்து கட்ட வேண்டும். நியூஹவுஸ்தான் இதற்கும் தலைமை. கையிலிருந்து கட்ட வேண்டும் என்றால் ஜனங்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதைக் குறைக்கிறார்கள் என்று தெரிந்தது. தேவையில்லாததை மட்டும் குறைக்கவில்லை, தேவையானதையும் சேர்த்தே குறைத்தார்கள். ரத்த அழுத்தம் உள்ள ஏழைகளுக்கு அதனால் கெடுதல் ஆனது. 2008-ல் ஆரிகன் மாநிலம் ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டில் இடம் போதாமல் குலுக்கல் நடத்தியபோது ஆய்வாளர்கள் இன்னொரு வாய்ப்பைப் பிடித்துக்கொண்டார்கள். காப்பீடு கிடைத்தவர்களுக்குக் கடன் தொல்லை குறைந்தது, மனச்சோர்வு குறைந்தது. இரண்டு வருடத்தில் ரத்த அழுத்தத்திலும் கொழுப்பிலும் தெளிவான மாற்றம் தெரியவில்லை. இரு தரப்பு அரசியல்வாதிகளும் தங்களுக்கு வேண்டிய பாதியை எடுத்துக்கொண்டு போனார்கள்.

எண்ணை வைத்து மட்டுமே இந்தத் துறை ஓடுகிறது என்று நினைத்துவிட வேண்டாம். நர்சுகளோடு வார்டில் நின்று கவனிப்பது, நோயாளிகளிடம் மணிக்கணக்கில் பேசுவது, ஒரு நல்ல நடைமுறை ஏன் ஒரு ஆஸ்பத்திரியில் ஒட்டிக்கொள்கிறது, இன்னொன்றில் உதிர்ந்துபோகிறது என்று பார்ப்பது எல்லாம் இதற்குள் அடக்கம். ஆனால் பாடத்திட்டத்தில் இவற்றுக்குக் கிடைக்கும் இடத்தையும் பொருளாதாரத்துக்குக் கிடைக்கும் இடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது மூத்த பிள்ளை என்று தெரிந்துவிடும்.

அதன் விளைவு என்ன என்று 2019-ல் பளிச்சென்று தெரிந்தது. அமெரிக்க ஆஸ்பத்திரிகள் பலவும், எந்த நோயாளிக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று முன்கூட்டியே சொல்லும் ஒரு மென்பொருளைப் பயன்படுத்தி வந்தன. ஸியாத் ஓபர்மையரும் சக ஆய்வாளர்களும் அதைச் சோதித்தார்கள். ஒரே மதிப்பெண் பெற்ற வெள்ளை நோயாளியையும் கறுப்பின நோயாளியையும் ஒப்பிட்டால், கறுப்பினத்தவருக்குக் கண்கூடாக அதிக நோய். மென்பொருள் இனத்தைப் பார்க்கவே இல்லை. பின்னே எப்படி? நோயின் அளவைக் கணிக்க வேண்டிய இடத்தில் அது வருங்காலச் செலவைக் கணித்தது. பில் கையில் இருந்தது, நோய் கையில் இல்லை. செலவு அதிகம் என்றால் நோய் அதிகம் என்று எடுத்துக்கொண்டார்கள். அதே நோய்க்குக் கறுப்பினத்தவருக்காகச் செலவான பணம் எப்போதும் குறைவு, ஏனென்றால் அவர்களுக்குச் சிகிச்சை கிடைத்ததே குறைவு. இந்தக் கோணலைச் சரிசெய்தால் கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகும் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று கணக்கிட்டார்கள். இன்று எந்தத் துறைத் தேர்விலும் இதிலிருந்து கேள்வி வராமல் இருப்பது அரிது.

கோப்பு கைக்கு வரும் வரை

மாணவர் நேரம் எதில் போகிறது என்று கேட்டால் யாரும் சூத்திரம் என்று சொல்வதில்லை. கோப்பு வாங்குவதில்தான் என்பார்கள். மெடிகேர் தரவு வேண்டும் என்றால் விண்ணப்பம், நெறிமுறைக் குழு ஒப்புதல், தரவுப் பயன்பாட்டு ஒப்பந்தம், கட்டணம் என்று படிப்படியாக ஏற வேண்டும். இதற்கு வழிகாட்டவே மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ரெஸ்டாக் என்ற மையம் இருக்கிறது. மாதக்கணக்கில் ஆகும். அதனால் அனுபவம் உள்ள மாணவர்கள் வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் புகழைப் பார்ப்பதற்கு முன்னால், அவர் கையில் ஏற்கெனவே எந்தக் கோப்பு இருக்கிறது என்று கேட்கிறார்கள். நல்ல கேள்விதான்.

வந்த பிறகும் விதிகள் விடாது. ஓர் அட்டவணையில் எந்தக் கட்டத்திலும் 1 முதல் 10 வரையிலான எண்ணிக்கையை அச்சிடக் கூடாது, பதினொன்றுக்குக் கீழே போனால் மறைக்க வேண்டும். சின்ன ஊரில் அபூர்வ நோய் உள்ள ஒருவரை யாராவது அடையாளம் கண்டுவிடலாம் என்பதால். கோப்பை அமெரிக்காவுக்கு வெளியே திறக்கவும் கூடாது. கோடை விடுமுறைக்கு மயிலாப்பூர் வந்த மாணவர் லேப்டாப்பைத் திறந்து வேலையைத் தொடர முடியாது. பில்லுக்குக் குறியீடு போடும் வேலை சென்னைக்கு வரலாம், குறியீடு போட்ட கோப்பு வரக் கூடாது என்பதில் உள்ள வேடிக்கையை வாசகர்களே ரசித்துக்கொள்ளலாம்.

இன்னொரு பக்கம் கோப்பே மெலிந்துகொண்டு வருகிறது. மெடிகேரில் இருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் 2023 முதல் தனியார் நிறுவனங்கள் நடத்தும் திட்டங்களில் இருக்கிறார்கள். அங்கே ஒவ்வொரு சிகிச்சைக்கும் அரசுக்கு பில் போவதில்லை. தரவு வருகிறது, ஆனால் பழைய பில் அளவுக்கு நம்பகமாக இல்லை. ஐம்பது வருடமாகத் துறை நின்றுகொண்டிருந்த தரை கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது.

காசு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். முதுகலைக்குப் பெரும்பாலும் சொந்தக் காசு, அல்லது கடன். பிஎச்.டி.க்கு நல்ல துறைகள் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து உதவித்தொகையும் கொடுக்கின்றன. எனவே முதுகலையைப் பிஎச்.டி.க்கு நுழைவுச் சீட்டாக நினைத்து லட்சக்கணக்கில் கடன் வாங்குவது சரியான கணக்கு அல்ல என்றே சொல்வேன். முதுகலை இல்லாமலே சேர்த்துக்கொள்ளும் இடங்களும் இருக்கின்றன. அமெரிக்க அரசின் பயிற்சி நிதியில் இயங்கும் இடங்கள் குடிமக்களுக்கும் நிரந்தரமாக வசிக்கும் உரிமை (கிரீன் கார்டு) பெற்றவர்களுக்கும் மட்டும். வெளிநாட்டு மாணவருக்குத் துறையின் சொந்தப் பணமோ ஒரு பேராசிரியரின் ஆய்வு நிதியோதான் கதி. விண்ணப்பிக்கும் முன்பு இதை எழுதிக் கேட்பதில் தயக்கம் தேவையில்லை.

அந்த ஆய்வு நிதியின் மூலமே இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. இந்தத் துறைக்கென்று உள்ள மத்திய அமைப்புக்குச் சங்கடம் புதிதல்ல. 1994-ல், திடீர் முதுகு வலிக்குப் பெரும்பாலும் அறுவை வேண்டியதில்லை என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. முதுகெலும்பு அறுவை மருத்துவர்கள் கொதித்தார்கள். அடுத்த வருடம் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை அதன் பட்ஜெட்டையே பூஜ்யமாக்கப் பார்த்தது. வெட்டுப்பட்டு எப்படியோ தப்பித்து 1999-ல் ஏ.எச்.ஆர்.க்யூ. என்ற பெயரோடு எழுந்து நின்றது. 2025 மார்ச்சில் அதை வேறொரு அலுவலகத்தோடு இணைக்கப்போவதாக அறிவிப்பு வந்தது, ஊழியர்கள் பலர் வேலை இழந்தார்கள். எந்தச் சிகிச்சைக்குக் காசு வீண் என்று சொல்வதை வேலையாகக் கொண்ட அமைப்புக்கு நண்பர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

படித்தவர்கள் எங்கே போகிறார்கள்? பலர் பேராசிரியர் வேலைக்குக் குறி வைக்கிறார்கள், அதில் எல்லோருக்கும் இடம் இல்லை. ராண்ட் மாதிரி ஆய்வு நிறுவனங்கள், முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரிகளின் ஆய்வுப் பிரிவு, காப்பீட்டு நிறுவனங்கள், மருந்து நிறுவனங்களில் விலைக்கேற்ற பலனைக் கணக்கிடும் பிரிவு என்று மீதிப் பேர் பிரிகிறார்கள். கடைசியில் சொன்னதற்குச் சம்பளம் அதிகம்.

பில் இல்லாத ஊரில்

சரி, இந்தியாவில்? இதே பெயரில் பட்டம் தேடினால் அநேகமாக ஏமாற்றம்தான். உள்ளடக்கம் பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் 1997-ல் எம்.பி.எச். என்ற பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், தொற்றுநோயியலோடு சுகாதார அமைப்புகளையும் சேர்த்து எம்.பி.எச். நடத்துகிறது. மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், ஜே.என்.யு.வின் சமூக மருத்துவ மையம், சென்னை ஐ.ஐ.டி.யின் மனிதவியல், சமூக அறிவியல் துறையில் சுகாதாரப் பொருளாதாரம் பார்ப்பவர்கள் என்று பட்டியல் போகும். இவற்றில் கற்பது அமெரிக்கப் பாடத்தின் சின்னப் பிரதி அல்ல. காரணம் எளிது: இங்கே பில் குவியவில்லை.

தேசிய சுகாதாரக் கணக்கின்படி 2014-15-ல் நாட்டின் மொத்த சுகாதாரச் செலவில் 62.6 சதவீதம் ஜனங்கள் தங்கள் சட்டைப்பையிலிருந்து கொடுத்தது. 2021-22-ல் அது 39.4 சதவீதமாக இறங்கியிருக்கிறது. அப்போதும்கூடத் தெருமுனை கிளினிக்கில் இருநூறு ரூபாயும் மருந்துக் கடையில் நானூறும் கொடுத்ததற்கு எந்தக் கோப்பிலும் வரி கிடையாது. தமிழ்நாட்டின் காப்பீட்டுத் திட்டம் 2009-ல் தொடங்கியது, மத்திய அரசின் திட்டம் 2018-ல். இவற்றில் லட்சக்கணக்கான பில்கள் சேர்ந்திருக்கின்றன. ஆனால் அவை உள்நோயாளிச் சிகிச்சைக்கானவை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வருடக்கணக்கில் வாங்கும் மாத்திரை அவற்றில் தெரியாது. அதனால் இங்கே மாணவர்கள் வீடு வீடாகப் போய்க் கேட்ட கணக்கெடுப்புகளை நம்புகிறார்கள்.

அதில் ஒன்றை எடுத்துப் பார்ப்போம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். முந்தைய ஆய்வில் 34.1. நாட்டுச் சராசரி 21.5. தமிழ்நாட்டுத் தனியார் ஆஸ்பத்திரிகளில் 63.8, அரசு ஆஸ்பத்திரிகளில் 36. டீக்கடையில் இதற்கு உடனே பதில் வரும்: தனியார் காசுக்காக அறுக்கிறார்கள். இருக்கலாம். வெர்மான்ட் டான்சிலைப் படித்த மாணவர் அடுத்து என்ன கேட்பார்? தனியாருக்குப் போகிறவர்கள் யார், அவர்கள் வயது என்ன, முதல் பிரசவமா, ஏற்கெனவே சிசேரியன் ஆனவரா. அரசு ஆஸ்பத்திரியில் காசுக்கான தூண்டுதல் கிடையாது, அங்கேயும் ஏன் 36? சிக்கலான கர்ப்பங்களை ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பும் ஏற்பாடு நன்றாக இயங்குவதாலா, அல்லது வலி வரும் வரை காத்திருக்க நர்ஸ் போதாததாலா? குறித்த நாள், நல்ல நேரம் பார்க்கும் குடும்பங்களின் பங்கு எவ்வளவு?

ஆய்வுக் கோப்பு இதில் கொஞ்ச தூரம் கூட வரும். சிசேரியன் முடிவு வலி எடுப்பதற்கு முன்பா பின்பா எப்போது எடுக்கப்பட்டது என்று அந்த வினாத்தாளில் கேள்வி உண்டு. குடும்பத்தின் வசதி, தாயின் படிப்பு, ஊரா நகரமா எல்லாம் உண்டு. குழந்தை தலை கீழாக இருந்ததா, குறுக்கே இருந்ததா என்று இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் பரிந்துரைத்த ராப்சன் முறை எல்லாப் பிரசவங்களையும் பத்துக் குழுவாகப் பிரித்து, எந்தக் குழுவில் எவ்வளவு சிசேரியன் என்று பார்க்கச் சொல்கிறது. முதல் பிரசவம், ஒற்றைக் குழந்தை, தலை கீழே, மாதம் நிறைந்தது, வலி தானாக வந்தது என்ற குழுவில் ஒரு ஆஸ்பத்திரியின் விகிதம் எகிறினால் அதற்குச் சாக்குச் சொல்வது கஷ்டம். அந்தப் பத்துக் குழுவையும் பிரிக்கத் தேவையான தகவல் வீட்டுக்கு வந்து கேட்ட வினாத்தாளில் கிடையாது, காப்பீட்டு பில்லிலும் முழுசாகக் கிடையாது. பிரசவ வார்டின் கேஸ் ஷீட்டில் இருக்கிறது, பேனாவால் எழுதியபடி. அதனால் இந்தக் கேள்வியைக் கையில் எடுக்கும் சென்னை மாணவர் முதல் ஆறு மாதம் நெறிமுறைக் குழுவுக்கும் டீன் அலுவலகத்துக்கும் நடந்து, அனுமதி கிடைத்ததும் ரெக்கார்டு ரூமில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கட்டுக் கட்டாக எடுத்துப் பதிய வேண்டியிருக்கும்.